கைக்கும் கோலுக்கும் இடையே

தக்கை என்றவுடன் தமிழராகிய நமக்கு நினைவில் எழுவது, ஊர்க் குளத்தில் தூண்டில் நூலோடு மிதந்து, மீன் கடித்ததும் சட்டென அமிழ்ந்து செய்தி சொல்லும் சிறு மிதவையே. மீனின் செய்தியைக் கண்ணுக்குச் சொல்லும் அதே தக்கை, இன்றைய தூண்டிற்கோல்களில் கைப்பிடியாக அமைந்து அச்செய்தியை நேரே கைக்குச் சொல்லுகின்றது. அக்கைப்பிடியையும் அதன் அடிமுனையையும் பொருத்தும் முறையைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

தில்லியில் நம்மோடு பணியாற்றும் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் உரிய அனுமதிச் சீட்டுடன் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரௌட் மீன் பிடிக்கச் செல்பவர். பல்லாண்டு தட்டச்சு செய்த அவருடைய விரல்கள் சில காலமாக முழுதும் மடங்க மறுக்கின்றன. கடையில் வாங்கிய கோலின் மெல்லிய பிடியை இறுகப் பற்ற முயன்று, அரை மணி நேரத்துக்குள் கை ஓய்ந்துவிடும். தூண்டிலையே துறந்துவிடலாமென்று அவர் எண்ணியிருந்த வேளையில், அவர் கைக்கென்றே ஒரு பிடி செய்வதெனத் துணிந்தோம்.

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகலும் ஸ்பெயினும் அதன் தாயகங்களில் முதன்மையானவை. மரத்தை வெட்டாமலே பட்டையை உரித்தெடுப்பர். மரத்துக்கு ஏறத்தாழ 25 வயதானபின் முதல் உரிப்பு. பிறகு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை. முதலிரண்டு உரிப்புகளில் கிடைப்பது கரடுமுரடானது. மூன்றாம் உரிப்பில்தான் சீரான தக்கை கிட்டுகின்றது. அதாவது மரம் நாற்பது வயதைக் கடந்திருக்கவேண்டும். 1665 இல் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் நுண்பெருக்கியின் வழியே தக்கையை நோக்கி, அதில் சின்னஞ்சிறு அறைகள் நிறைந்திருக்கக் கண்டார். காற்றடைந்த அவ்வறைகளால்தான் தக்கை எடையின்றி, நனைந்தாலும் வழுக்காமல், குளிரிலும் கைக்கு இதமாக இருக்கின்றது.

கடையில் கிடைப்பவை அரை அங்குலக் கனமும் 1¼ அங்குல விட்டமும் நடுவே துளையும் உடைய வளையங்கள். மெழுகு பூசிய மரைக் கம்பியொன்றில் அவற்றைக் கோத்து, இடையே பசை தடவி, இருபுறமும் நட்டு முடுக்கி ஓரிரவு வைக்கவேண்டும். மறுநாள் கம்பியோடு அதைக் கடைசல் பொறியிலோ துளைப்பொறியிலோ சுழலவிட்டு, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மென்மையான தாளில் முடித்தால் வேண்டிய வடிவம் வந்துவிடும். வடிவம் எது என்பதற்கு நாம் கையாண்ட வழி எளிது. பிசைந்த கோதுமை மாவை ஒரு குச்சியின்மேல் அப்பி நண்பரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னோம். அவர் கை எங்கே பருமனை வேண்டுகின்றது என்பதை மாவே காட்டிவிட்டது. உள்ளங்கை படியும் இடத்தில் வளையத்தின் பருமனை ஏறக்குறைய முழுதும் விட்டுவைத்தோம்.

புறம் இவ்வாறு அழகாக முடிந்தது கண்டு நாம் அவசரப்பட்டோம். கோல் நுனியில் மெலிந்து அடியில் பருத்திருப்பது. பிடியை நுனிவழியே நுழைத்து அடிவரை இறக்கவேண்டும். பாதி வழியில் தளர்வாக வந்த பிடி, அடியை நெருங்கியதும் இறுகி நின்றது. இன்னும் சிறிதுதானே என்று அழுத்தினோம். மெல்லிய ஓசையுடன் தக்கை நெடுக வெடித்தது. ஒரு மரம் ஒன்பதாண்டு வளர்த்த பட்டை ஒரு நொடியில் வீணாயிற்று. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமுறை புறத்தைவிட அகத்துக்கு மிகுந்த நேரம் செலவிட்டோம். உடைந்த பழைய கோலின் அடித்துண்டில் உப்புத்தாளைச் சுருளாகச் சுற்றி ஒட்டினால், கோலின் சரிவுக்கேற்ப உட்துளையைத் தேய்க்க அதுவே தக்க கருவி. சிறிது தேய்ப்பது, நுழைத்துப் பார்ப்பது, மீண்டும் தேய்ப்பது, இதுவே வேலை. அளவு மிஞ்சித் தேய்த்தாலும் தீங்கே. இடைவெளி விழுந்த பிடி நாளடைவில் ஆடும். பிடி தானாகவே உரிய இடத்துக்குச் சற்று மேலே வந்து நின்றால் அளவு சரி. பின்னர்க் கோலின் பளபளப்பைச் சற்றே சுரண்டி, நிதானமாக இறுகும் எபாக்சி பசையைத் தடவி, பிடியைத் திருகியபடி இறக்கவேண்டும். வழிந்த பசையை உடனே துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுதும் தொடாமல் வைப்பது நன்று.

அடிமுனையையும் எளிதாக எண்ணலாகாது. பெரிய மீனோடு போராடுகையில் அதை இடுப்பில் ஊன்றுவோம். ஓய்கையில் கல்லின்மீது நிறுத்துவோம். வெறுந்தக்கை அங்கே பிய்ந்துவிடும். ஆகவே ரப்பர் மூடியோ, ரப்பர்த் துகள் கலந்த கெட்டித் தக்கையோ பொருத்துவர். மூடியை அழுத்தும்போது உள்ளே சிக்கிய காற்று அதை வெளியே தள்ளும். ஒரு நூலை இடையே வைத்து அழுத்தி, காற்று வெளியேறியபின் நூலை உருவிவிட்டால் மூடி படிந்து நிற்கும். அடிமுனையின் எடை கோலின் சமநிலையையும் மாற்றும். நுனி கனத்தால் மணிக்கட்டு சோரும். எனவே ஒட்டுவதற்கு முன்பே யாவற்றையும் நாடாவால் தற்காலிகமாகக் கட்டி, ரீலையும் பூட்டி, ஒரு விரல்மேல் கோலை நிறுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு தீர்த்தன் கரையிலிருந்து திரும்பிய நண்பர், எத்தனை மீன் கிடைத்தது என்று நாம் வினவியதற்கு, “மீன் இரண்டுதான், ஆனால் மாலைவரை கோலைக் கீழே வைக்கவில்லை” என்றார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பிடி ஒரு பாடமாயிற்று. புறத்தே அது கைக்கு ஒத்திருக்கவேண்டும். அகத்தே கோலுக்கு ஒத்திருக்கவேண்டும். காண்பவர் புகழ்வது புறத்தின் வழவழப்பை. பிடி நிலைத்து நிற்பதோ, ஒருவர் கண்ணுக்கும் படாத அந்த உட்துளையின் ஒழுங்கால்.