கிரான்பெரி: ஒரு கடற்கரையின் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது கிரான்பெரி பற்றி. நம்ம களாக்காய் மாதிரி புளிப்பும் துவர்ப்பும் உள்ள சின்னச் சிவப்புப் பழம். இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற கேப் காட் கடற்கரை.

இந்தக் கொடியை அங்கே யாரும் கொண்டுவந்து நடவில்லை. சதுப்பு நிலத்தில் தானாக வளர்ந்தது. ஐரோப்பியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வாம்பனோக் பழங்குடி மக்கள் அதைப் பறித்து, உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்தினாங்க. அக்வினா வாம்பனோக் மக்கள் இன்றும் ஒவ்வொரு அக்டோபரிலும் 'கிரான்பெரி நாள்' கொண்டாடுறாங்க.

அப்போ, சாகுபடி எப்போ வந்தது? 1816-ல், டென்னிஸ் என்ற ஊரில். காற்று அடித்துவந்த மணல் மூடிய இடத்தில் கொடி இன்னும் செழிப்பாக வளர்வதை ஹென்றி ஹால் என்பவர் கவனித்தார். அந்த முறை இன்றும் தொடர்கிறது. குளிர்காலத்தில் தோட்டத்தில் நீர் உறைந்ததும், அந்தப் பனிக்கட்டி மேல் மணலைப் பரப்பிடுவாங்க. பனி உருகும்போது மணல் மெல்லக் கொடி மேல் இறங்கும். அறுவடைக்கும் தண்ணீர்தான் துணை. பழத்துக்குள்ளே காற்றறைகள் இருப்பதால், தோட்டத்தில் நீரைத் தேக்கிக் கொடியை உலுக்கினால் பழம் மிதக்கும்.

ஆனா அந்தக் காலத்தில் மண்டியிட்டுக் கையால்தான் பறிக்கணும். அந்த வேலையில் பெரும்பங்கு, ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்களுடையது. 1933-ல் அவங்க கூலிக்காக வேலைநிறுத்தமும் செய்தாங்க. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் கிரான்பெரியைப் பரிமாறுகிற எத்தனை வீடுகளில் இது பேசப்படுதுன்னு யோசிக்கிறேன்.

1930-ல் விவசாயிகள் சேர்ந்து ஓஷன் ஸ்ப்ரே கூட்டுறவைத் தொடங்கினாங்க. 1959 நவம்பரில், அந்த விருந்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, பழத்தில் களைக்கொல்லி கலந்திருக்கலாம்னு அரசு எச்சரித்தது. விற்பனை சரிந்தது. வருஷத்தில் ஒரே பண்டிகையை நம்பியிருக்கும் பயிருக்கு அது எவ்வளவு பெரிய அடி! அதன் பிறகுதான் ஆண்டு முழுக்க விற்கும் பழச்சாறு பக்கம் தொழில் வேகமாகத் திரும்பியது.

இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கும் மேல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வருகிறது. மாசசூசெட்ஸில் சில விவசாயிகள் தோட்டத்தை விட்டு விலகுறாங்க. பிளிமத் ஊரில் டிட்மார்ஷ் என்ற பெரிய தோட்டத்தில், அணைகளை எடுத்து, கொட்டிய மணலைக் கிளறி, மறுபடி சதுப்பு நிலமாக்கியிருக்காங்க. தலைமுறைகளாகப் பயிர் செய்த குடும்பங்களுக்கு இப்படி விலகுவது இழப்புதான். ஆனா அந்த ஓடைக்கு மீன் திரும்ப வழி கிடைத்திருக்கு. எனக்கு இரண்டுமே முக்கியமாகப் படுது. நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதுங்க.