காது மந்தமானாலும் காயம்தான்

விசைத்தறியில் கை சிக்கினால் விபத்து. நஷ்டஈடு கேட்போம். அதே தறிச் சத்தத்தில் காது மந்தமானால்? வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம். டிவியை ஏன் இப்படி அலற வைக்கிறீங்க என்று வீட்டில் கேட்கும்போதுதான் உறைக்கிறது.

சட்டம் அப்படி விடுவதில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே தொழில்நோய்களுக்குத் தனிப் பட்டியல் வந்துவிட்டது. இன்றைய பட்டியலில் இரைச்சலால் வரும் காது மந்தமும் உண்டு. கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் உண்டு. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் உண்டு. பட்டியலில் உள்ள நோய், அதை உண்டாக்கும் வேலை பார்த்தவருக்கு வந்தால், விபத்தில் பட்ட காயமாகவே கணக்கு. காது விஷயத்தில், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும்.

நஷ்டஈடு கேட்க ஆதாரம் வேண்டும். டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.