தாளம் போட்டவனுக்கு என்ன கிடைத்தது?

(தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளி மக்களின் இசைத்தட்டுகள் சிலவற்றைப் பற்றி இன்று பேசப்போகிறேன். "அமெரிக்கச் சரக்கு நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு தேசியப் பண்பாட்டுக்குள்ளும் இரண்டு பண்பாடுகள் உண்டு என்று லெனின் 1913-லேயே எழுதிவிட்டார். வியட்நாம் மீது குண்டு பொழிந்த அமெரிக்கா ஒன்று. பருத்திக் காட்டில் முதுகொடிந்த அமெரிக்கா மற்றொன்று. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

மிசிசிப்பி மாநிலத்தின் ஆற்றுச் சமவெளிதான் ப்ளூஸ் என்னும் பாட்டு வளர்ந்த மண். 1865-ல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் யாரிடம் போயிற்று? பழைய எஜமானிடமேதான் இருந்தது. விடுதலை பெற்றவன் அதே நிலத்தில் வாரக் குடியானவன் ஆனான். விதையும் கலப்பையும் கோவேறு கழுதையும் பண்ணையாருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. ஆண்டு முழுவதும் சாப்பாட்டுச் சாமான் பண்ணைக் கடையில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில் புத்தகம் பண்ணையார் கையில்! குடியானவன்தான் இன்னும் பாக்கி தரவேண்டும் என்று முடியும். இந்தக் கணக்கை விவசாயத் தொழிலாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குடியானவன் பாடியதே ப்ளூஸ். ஒரு வரியைப் பாடுவான். அதையே மறுபடியும் பாடுவான். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கிதார் ஒரு வார்த்தை பேசும். வயலில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடிய பழக்கத்தின் தொடர்ச்சி இது. தன்னந்தனியே பாடும்போது கூட்டத்தின் இடத்தில் கிதார் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

மட்டி வாட்டர்ஸ் என்று ஒரு பாடகர். ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அங்கே போய் அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். 1943-ல் கூலியை மணிக்கு 25 சென்ட்டாக உயர்த்திக் கேட்டார். பண்ணைக் கண்காணி மறுத்தார். வாட்டர்ஸ் ரயிலேறி சிகாகோ போய்விட்டார்! அவரைப் போல 1910-க்கும் 1970-க்கும் இடையில் தெற்கை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர். பகலில் காகித ஆலையில் வேலை. இரவில் சாராயக் கடையில் கச்சேரி. அந்த இரைச்சலில் மரக் கிதார் யார் காதில் விழும்? மின்சாரக் கிதாரை எடுத்தார். கிராமத்துப் பாட்டு நகரத்தில் இப்படி உரத்த குரல் பெற்றது. ஏதோ மோகத்தால் வந்த மாற்றமல்ல. தொழிலாளி குடியிருப்பின் தேவையால் வந்தது.

இனி, கேட்பது எப்படி என்பதைச் சொல்கிறேன். முதலில் பி.பி. கிங் 1970-ல் சிகாகோவின் குக் கவுண்டி சிறைக்குள்ளேயே பாடிப் பதிவான தட்டைக் கேளுங்கள். அவரும் மிசிசிப்பியில் பருத்தி எடுத்தவர், டிராக்டர் ஓட்டியவர்தான். பாட்டுக்கு முன்னால் அதிகாரிகளை அறிமுகப்படுத்துகிறார்கள். ஷெரிஃப்பின் பெயரும் தலைமை நீதிபதியின் பெயரும் வந்ததும் கைதிகள் ஒரே குரலாகக் கூச்சல் போட்டு விரட்டுகிறார்கள்! தட்டை வெளியிட்டவர்கள் அதை வெட்டி எறியவில்லை. அந்தக் கூச்சலுக்காகவே ஒருமுறை கேட்கலாம்.

அடுத்தது, ஜாஸும் ஃபங்க்கும் கலந்த இசை. இதைக் கேட்டவர்கள் சொல்லும் முதல் குறை, "என்னய்யா, ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறதே" என்பது. அந்தத் திரும்ப வருவதற்குத்தான் அவர்கள் க்ரூவ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளத்துக்கும் அதே பெயர்தான். 1973-ல் ஹெர்பி ஹான்காக் வெளியிட்ட 'ஹெட் ஹண்டர்ஸ்' தட்டின் முதல் பாட்டு கால் மணி நேரம் ஓடுகிறது. அடியில் ஒரு சிறு வரி மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் மேல் டிரம் ஏறுகிறது. பிறகு ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேர்கிறது. முதல் தடவை அடியில் ஓடும் கனத்த ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இரண்டாம் தடவை டிரம்மை மட்டும். மூன்றாம் தடவை கேட்கும்போது, ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் அடிப்பது தெரியவரும். தறிக்கூடத்தில் நின்றவர்களுக்கு இதைப் பிடிக்க அதிக நேரம் ஆகாது. கைபேசியின் சின்னக் குழலில் அடி ஒலி எழும்பாது. பெரிய பெட்டி வேண்டும்.

தறிக்கூடம் என்று சும்மா சொல்லவில்லை. கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்ற டிரம்காரர் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா என்னும் ஆலை நகரத்தில் வளர்ந்தார். ஆலைகளும் ரயில்களும் எழுப்பிய ஓசையில்தான் தாளம் கற்றார். பிறகு புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். 1969-ல் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டைப் பதிவு செய்தபோது, நடுவே மற்ற வாத்தியங்கள் நிற்க, அவர் மட்டும் எட்டுச் சுற்று வாசித்தார். இருபது விநாடி வேலை.

1980-களில், பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவி பரவியது. அந்த இருபது விநாடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் ஏறியது! கம்பெனிகள் கோடி கோடியாகக் குவித்தன. ஸ்டபிள்ஃபீல்டுக்கு? அந்தத் தாளத்துக்கு உரிமைத் தொகை என்று ஒன்றும் வரவில்லை. பாட்டை எழுதியவர் என்று பதிவானது குழுத் தலைவர் பெயர். இவர் வாசித்ததற்குச் சம்பளம் வாங்கிய ஆள். சட்டத்தின் கண்ணில் அதோடு சரி. பின்னாளில் அவர் நோயில் விழுந்தபோது, பிரின்ஸ் என்ற பாடகர் ஊருக்குத் தெரியாமல் மருத்துவக் கடனைக் கட்டினார். 2017 பிப்ரவரியில் ஸ்டபிள்ஃபீல்ட் இறந்தார். இறந்த பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டத்துக்குச் செலவு குறைவு!

"கலைஞன் கதை எங்கும் இப்படித்தான்" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1942 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒருமுறை கூலி கொடுத்துவிட்டு, ஆயுளுக்கும் தட்டை விற்றுப் பணம் பண்ணுகிறாயே, அதில் பங்கு எங்கே என்பதே கேள்வி. போர்க்காலத்தில் வேலைநிறுத்தமா என்று பத்திரிகைகள் வசைபாடின. சங்கம் அசையவில்லை. 1943-ல் ஒரு பெரிய கம்பெனி பணிந்தது. 1944 நவம்பரில் மீதி இரண்டு பெரிய கம்பெனிகளும் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் சங்க நிதிக்குத் தொகை கட்ட ஒப்பினார்கள். வேலையில்லாத கலைஞர்களுக்கு அந்த நிதியிலிருந்து கூலி கொடுத்து, மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள்.

ஆனால் ஒரு தாளத்தை உண்டாக்கியவன் யார், அதில் அவனுக்கு என்ன பங்கு என்ற வழக்கை அந்த ஒப்பந்தம் தீர்க்கவில்லை. வெட்டி ஒட்டும் கருவி வந்தபோது அந்த ஓட்டை வழியாகத்தான் ஸ்டபிள்ஃபீல்டின் உழைப்பு வெளியே போயிற்று. இன்று அதே வேலையைக் கணினி இன்னும் வேகமாகச் செய்கிறது.