சுமை தூக்கும் ஜீவனின் இருமல்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைச் சரிவுகளில் ஏறும் ஒற்றையடிப் பாதைகளில், சாலை எட்டாத சிற்றூர்களுக்கு அரிசி மூட்டையையும், தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தையும் முதுகில் ஏற்றிச் செல்லும் குதிரையைக் கண்ட நேயர்களுக்கு, அதன் மூச்சின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மூச்சைத் தாக்குவதே குதிரை இன்புளூயன்சா. 2008-ஆம் ஆண்டு ஜம்முவின் கத்ராவில், வைஷ்ணோ தேவி யாத்திரிகர்களைச் சுமக்கும் குதிரையினங்களிடையே தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பரவியது, அதன் எச்3என்8 என்னும் வைரஸ் வகை.

சுவாசக் குழாயின் உட்சுவரில், காற்றில் அலையும் நெற்பயிர்போல் நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வைரஸ் அந்த உயிரணுக்களுள் புகுந்து பெருகி அவற்றை அழித்துவிட்டால், அறுவடையான வயலாய் அச்சுவர் வெறுமையாகி, வேறு கிருமிகள் தடையின்றி நுரையீரலில் இறங்குகின்றன. கடுங்காய்ச்சல், வறட்டு இருமல். இருமலின் திவலைகளே பக்கத்துக் குதிரைக்கும் நோய் தொற்றப் போதும்.

காய்ச்சல் தணிந்த மறுநாளே சுமை ஏற்றுவது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் பெருந்தீங்கு. நுண்மயிர்கள் திரும்ப முளைக்கச் சில வாரங்கள் ஆகுமாதலால், காய்ச்சல் கண்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது மருத்துவர் கணக்கு. அன்றாடக் கூலியை நம்பிய குதிரைக்காரருக்கு அது கடினந்தான். ஆனால் நோயை வருமுன் தடுக்கவும் வழியுண்டு: கத்ராவில் கிடைத்த அதே வைரஸைக் கொண்டு, ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தார் தடுப்பூசி உருவாக்கியிருக்கின்றனர்.