வலிப்பு வரும் குழந்தைக்குச் சரியான டாக்டரைத் தேடுவது எப்படி?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் உள்கடன் பட்டியலைப் படித்தோம். 'மருத்துவச் செலவு' என்று எழுதியிருந்ததில் சில கடன்கள் குழந்தைக்கு வலிப்பு என்று வாங்கியவை. பிள்ளைக்காகக் கடன் வாங்குவதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போனது என்று அந்தத் தாய்மார்களிடம் உட்கார்ந்து கேட்டபோது நமக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கார் வாடகை, மூணு ஊரில் மூணு ஸ்கேன், நடுவில் மந்திரிக்கிற செலவு. மாத்திரைக்குப் போனது அதில் கொஞ்சம்தான். பெரிய டாக்டரைப் பார்த்தாச்சு, பார்த்தாச்சு என்கிறார்கள். குழந்தைக்கு வந்திருப்பது எந்த வகை வலிப்பு என்று கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் இந்த மாதம் கடன், வட்டிக் கணக்கையெல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டு இதைப் பேசுகிறோம்.

முதலில் ஒரு விஷயம். இழுப்பு, வெட்டு, ஜன்னி, காக்கா வலிப்பு, ஃபிட்ஸ் என்று நாம் ஆளுக்கொரு பேர் சொல்கிறோம். இதெல்லாம் ஒரே நோய் கிடையாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது வருகிற ஜன்னி ஒரு வகை. அது பார்க்கத்தான் பயமாக இருக்கும். சில நிமிஷத்தில் தானாக நின்று, அதற்குப் பிறகு பிள்ளை பழையபடி விளையாடுகிறது என்றால், பெரும்பாலும் நரம்பு டாக்டரே தேவைப்படாது. குழந்தைகள் டாக்டர் போதும். அதுக்குப் போய் பெங்களூருக்குக் கார் பிடிக்க வேண்டாம்.

இதுக்கு நேர்மாறாக இன்னொன்று இருக்கிறது. நம்மில் பலர் அதை வலிப்பு என்றே நினைப்பதில்லை. மூணு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் உள்ள கைக்குழந்தை, தூங்கி எழுந்ததும் திடீரென்று தலையைக் குனிந்து, இரண்டு கையையும் விரித்து, ஒரு நொடி மடங்கி மடங்கி எழும். வரிசையாகப் பத்து, இருபது தடவை வரும். 'வயித்து வலி', 'உரம் விழுந்திருக்கு' என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்போம். இது கைக்குழந்தைக்கு வரும் மோசமான வலிப்பு. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும், உட்கார்ந்த குழந்தை உட்காராது. இதுக்குத்தான் அவசரமாக நரம்பியல் டாக்டர் வேண்டும். கடன் வாங்குவதாக இருந்தால் இதற்கு வாங்குங்கள், அன்றைக்கே வாங்குங்கள்.

சரி, நரம்பியல் டாக்டர் என்றால் யார்? போர்டில் 'நியூரோ' என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். நியூராலஜி டாக்டர் மருந்தால் வைத்தியம் பார்ப்பவர். அவர் பேருக்குப் பின்னால் டி.எம். என்று இருக்கும். நியூரோ சர்ஜன் ஆபரேஷன் செய்பவர், அவருக்கு எம்.சிஎச். என்று இருக்கும். குழந்தைகளுக்கென்றே நரம்பியல் படித்தவர்களும் உண்டு, ஆனால் குறைவு, பெரிய நகரங்களில்தான் கிடைப்பார்கள். மனநல டாக்டர் வேறு. நாலு எழுத்து படிக்கத் தெரிந்தால் போதும், வாசலிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம்ம மாவட்டத்திலிருந்து போகிற வழியைச் சொல்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற ஆர்.பி.எஸ்.கே. டாக்டர் குழுவிடமோ முதலில் காட்டுங்கள். 2013-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் வலிப்பு நோயும் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். அவர்கள் தேவை என்று சொன்னால் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பெங்களூர் நிமான்ஸ் என்று அடுத்த படி இருக்கிறது. நிமான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் அரூர், பாலக்கோடு பக்கம் உள்ளவர்களுக்கு சென்னையைவிட அது கிட்டத்தில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அங்கே சலுகை உண்டு, கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். எங்கே போனாலும் நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை என்று முன்னாடியே போன் போட்டுக் கேளுங்கள். சித்தேரி மலையிலிருந்து விடியக்காலம் கிளம்பிப் போய், 'இன்னைக்கு நியூரோ இல்லம்மா' என்று கேட்டுத் திரும்புவது ரெண்டு நாள் கூலி போனதுதான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். டாக்டர் முன்னால் உட்காரும்போது குழந்தைக்கு வலிப்பு வராது. அவர் எதைப் பார்த்து வைத்தியம் செய்வார்? நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் 'கை கால் இழுத்துச்சுங்க, நுரை தள்ளுச்சுங்க' என்று மட்டும் சொன்னால் அவரும் பாதிதான் கண்டுபிடிப்பார்.

ஒரு உதாரணம். எண்ணெய் தேய்த்து, சுடச்சுடத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றுவது நம்ம பழக்கம். சில குழந்தைகளுக்கு அப்படி ஊற்றும்போது மட்டும் வலிப்பு வரும். சுடுதண்ணீர் வலிப்பு என்றே இதற்குப் பேர். உலகத்தில் மற்ற இடங்களைவிட கர்நாடகம், தமிழ்நாடு பக்கம் இதை அதிகம் பார்த்திருக்கிறார்கள். 'குளிக்கும்போதுதான் வருதுங்க, மத்த நேரத்துல வர்றதே இல்ல' என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் டாக்டருக்கு வழி தெரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில், தலைக்கு ஊற்றாமல் துணியால் துடைத்துக் குளிப்பாட்டச் சொல்வார், தேவைப்பட்டால் மாத்திரை கொடுப்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாவிட்டால் ஸ்கேன் மேல் ஸ்கேன்தான்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். நம்ம குழுவில் சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. வலிப்பு வந்த தேதி, நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, கண்ணும் தலையும் எந்தப் பக்கம் திரும்பின, எத்தனை நிமிஷம், முடிந்ததும் தூங்கியதா, ஒரு கை பலமில்லாமல் இருந்ததா, அன்று மாத்திரை கொடுத்தோமா. இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் 'உங்க பொண்ணு நடுநடுவே வெறிச்சுப் பார்க்குது, கூப்பிட்டா திரும்பறதில்ல' என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். ஒரு வகைக்கு நன்றாகக் கேட்கிற மாத்திரை இன்னொரு வகையை அதிகமாக்கிவிடும் என்பதால்தான் டாக்டர்கள் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்.

செல்போன் இருக்கிற வீட்டில் வீடியோ எடுங்கள். குழந்தையைத் திணறத் திணறப் பிடித்துக்கொள்ளாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, முகமும் ரெண்டு கையும் தெரிகிற மாதிரி இன்னொருவர் எடுக்கட்டும். 'ஐயோ, புள்ள துடிக்குது, இவ படம் எடுக்கறா' என்று மாமியார் திட்டுவார். திட்டினால் திட்டட்டும். அரை நிமிஷ வீடியோ ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சமம். வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், சாவி கொடுப்பதால் எதுவும் நிற்காது. ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108-க்குக் கூப்பிடுங்கள்.

பழைய சீட்டு, ஸ்கேன் பிலிம், ஈ.ஈ.ஜி. காகிதம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஈ.ஈ.ஜி. எடுக்கப் போகிற நாளில் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய்த் தலையில் அந்த ஒயர் ஒட்டாது. ஈ.ஈ.ஜி. நார்மல் என்று வந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தம் கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நல்ல டாக்டர் ஏன் வேண்டும் என்பதற்கு வேலூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வலிப்பு வந்த பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தால் மூளையில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதை டி.பி. கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். 1980-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் முதலானவர்கள் அந்தப் புள்ளிகளை ஆராய்ந்து, அதில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து வந்த புழுக்கூடு மூளையில் தங்குவதால் ஏற்படுவது என்று காட்டினார்கள். பல பிள்ளைகளுக்கு அது தானாகவே கரைந்துவிடும், அதுவரை வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் போதும். எத்தனை குழந்தைகள் தேவையில்லாத மருந்திலிருந்து தப்பித்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பன்றிக்கறி சாப்பிடாத வீட்டிலும் இது வரும். கழுவாத கை, கழுவாத கீரை, திறந்தவெளிக் கழிப்பிடம் வழியாக முட்டை பரவுகிறது. கழிப்பறைக் கடனுக்கு நாம் ஏன் அலைகிறோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்க்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சத்தியமங்கலம் காட்டுக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் யளந்தூர் என்று ஒரு தாலுக்கா. 1990-91-ல் பெங்களூர் நரம்பியல் டாக்டர் கே.எஸ். மணியும் அவர் கூட்டாளிகளும் அங்கே வீடு வீடாகப் போய் சுமார் 65,000 பேரை விசாரித்தார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு வலிப்பு இருந்தது. பினோபார்பிடோன், பினிடாயின் என்ற விலை குறைந்த பழைய மாத்திரைகளைத்தான் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு கட்டுக்குள் வந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டவர்களுக்கு நல்ல பலன். உலக சுகாதார நிறுவனமும், சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்றுதான் சொல்கிறது.

நாம் சொல்லும் வழி இதுதான்: பெரிய டாக்டர் ஒருவர், பக்கத்து டாக்டர் ஒருவர். என்ன வகை வலிப்பு, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று பெரிய டாக்டர் தீர்மானித்து எழுதித் தரட்டும். 'மாதாமாதம் வர முடியாதுங்க, எங்க ஊர் டாக்டருக்கு ஒரு லெட்டர் குடுங்க' என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் தருவார்கள். மாத்திரையை இங்கேயே அரசு மருத்துவமனையில் வாங்கலாம். குழந்தையை எடை போட்டுவிட்டு மருந்து எழுதுகிறாரா, மாத்திரையின் பேரைச் சொல்கிறாரா, உடம்பில் தடிப்பு வந்தால் உடனே வரச் சொல்கிறாரா, நம்ம நோட்டைத் திறந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இப்படிப்பட்ட டாக்டர் கிடைத்துவிட்டால், ஒரு தடவை மறுபடி வலிப்பு வந்தது என்பதற்காக ஆளை மாற்றாதீர்கள். குழந்தை வளர வளர எடை கூடும், பழைய அளவு பத்தாது. அங்கன்வாடியில் எடை போட்டதும் நோட்டில் ஏற்றிவிடுங்கள். சிரப் பாட்டிலைக் குலுக்கி, கூட வருகிற அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும், சமையல் கரண்டியில் வேண்டாம்.

எப்போது மாற வேண்டும்? சரியான அளவில் ரெண்டு மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதற்கென்றே இருக்கிற பெரிய மையத்துக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடமே கேளுங்கள். அது அவரைக் குறை சொல்வது ஆகாது. சில வலிப்புக்கு ஆபரேஷனும் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995-லிருந்து செய்கிறார்கள்.

மந்திரிக்கிறது, தாயத்து பற்றி ரெண்டு பேர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தீர்கள். கட்டுவது உங்கள் நம்பிக்கை, அதில் நாம் தலையிடவில்லை. 'கயிறு கட்டியாச்சு, மாத்திரையை நிறுத்து' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். சூடு போடுவதை மட்டும் எந்த ஊரில் பார்த்தாலும் நம்ம குழு போய்த் தடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு அம்மா எழுந்து கேட்டார்: 'நோட்டு போட்டு எழுதினா ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும், பொம்பளப் புள்ள, நாளைக்கு யார் கட்டுவா?' நியாயமான பயம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மை. 1999-ல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். வலிப்பு இருப்பதால் மட்டும் கல்யாணம் செல்லாது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. மறைத்துக் கட்டிக் கொடுத்தால்தான் கஷ்டம். புகுந்த வீட்டில் பயந்துகொண்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அடுப்பு முன்னால், கிணற்றடியில் வலிப்பு வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வால்ப்ரோயேட் என்ற மாத்திரை கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். நீங்களாக நிறுத்தக் கூடாது, வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா, ஃபோலிக் அமில மாத்திரை எப்போது ஆரம்பிப்பது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். மருந்து மாற்ற மாதக்கணக்கில் ஆகும் என்பதால், கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு போகாமல், பெண் வயதுக்கு வந்ததுமே அந்தக் கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.