கூழும் குருதியும்



புனைகதையிலும் திரைப்படத்திலும் இரத்தம் மிகுந்துவிட்டது என்னும் குறை இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. ஒரு வெட்டுக்கு ஒரு குடம் என்னும் கணக்கில் குருதி கொட்டுகிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஓடுவதோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். குறை நியாயமானதே. ஆயினும் அளவை வைத்து இவ்வழக்கை விசாரிக்கப் புகுந்தால் முதலில் கூண்டில் ஏறவேண்டியவர் செயங்கொண்டார்.

முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தின்மேல் சென்று அனந்தவர்மன் சோடகங்கனை வென்ற செய்தியே கலிங்கத்துப் பரணிக்குப் பொருள். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனுக்கே பரணி உரியது என்று பாட்டியல் நூலார் வகுத்தனர். யானைக் கணக்கே இலக்கணமாகிவிட்ட ஓர் இலக்கிய வகையில் அடக்கத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்த மிகையின் வித்து சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 26ஆம் பாட்டில், முடியணிந்த தலைகள் அடுப்பாகின்றன, குருதி உலைநீராகின்றது, வளையணிந்த தோள் துடுப்பாகின்றது. களவேள்வி என்று அதற்குப் பெயர். மாங்குடி கிழார் சில அடிகளில் சொல்லிக் கடந்ததைச் செயங்கொண்டார் ஒரு முழுச் சமையற்கட்டாகக் கட்டி எழுப்பினார்.

அச்சமையற்கட்டுக்குள் சற்று நின்று பார்த்தல் வேண்டும். பசியால் வாடிக் கிடந்த பேய்கள் களத்துக்கு வந்து சேர்கின்றன. வந்ததும் உண்ணத் தொடங்கிவிடவில்லை. முதலில் பல் விளக்குகின்றன. யானைக் கொம்பு பற்குச்சி, யானையின் விலாவெலும்பு நாக்கு வழிக்கும் கருவி. பின்னர் முறையாக வேலை நடக்கிறது. இறந்தோர் பற்கள் அரிசி. போர்முரசு உரல்; யானைக்கோடு உலக்கை. குற்றும்போது பெண்டிர் பாடும் வள்ளைப்பாட்டும் உண்டு. அதில் அபயனின் புகழ் பாடப்படுகிறது. கூழ் வார்க்கும் இடத்தில் பந்தி விசாரணையே நடக்கிறது. ஒருபொழுது மட்டும் உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் நீக்கி, நிணத்தையே துகிலாகக் கொண்டு வடிகட்டி வார்க்கவேண்டுமாம். குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய், கனவில் கூழ் கண்டு ஏமாந்த பேய் என ஒவ்வொன்றுக்கும் அதனதன் தேவையறிந்து பரிமாறப்படுகிறது. ஊர்த் திருவிழாவில் கஞ்சி வார்ப்பவர்கூட இவ்வளவு பொறுமையாய் வார்ப்பதில்லை.

படிப்போர்க்கு இவ்விடத்தில் அருவருப்பு வருவதில்லை, சிரிப்பு வருகிறது. காரணம் எளிது. இங்கே குருதி, குருதியாக நிற்கவில்லை, உலைநீராகிவிட்டது. பல், அரிசியாகிவிட்டது. கொடுமை முழுவதும் அடுக்களை வேலையாக மாற்றப்பட்டுவிட்டது. மிகை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அது உண்மையான உடலைவிட்டு விலகிச் செல்கிறது. பரணி நாள் காளிக்கு உரியது. அந்நாளில் அவளுக்குக் கூழடுவது வழக்கம். ஆக இந்த விலகலுக்குப் பின்னே ஒரு சடங்கும் இருக்கிறது. குருதி எதற்காகக் கொட்டுகிறது என்னும் கேள்விக்குப் பரணியில் விடை உண்டு. இன்றைய புனைகதைகள் பலவற்றில் இல்லாதது அந்த விடைதான்.

எனினும் செயங்கொண்டாரை முழுவதும் விடுவித்துவிட இயலாது. தோற்றோடும் கலிங்க வீரர் மாறுவேடம் பூணும் பகுதி ஒன்று உண்டு. ஒருவன் வில்லின் நாணை முந்நூலாக மடித்துப் போட்டுக்கொண்டு, கங்கையாட வந்த யாத்திரிகன் என்கிறான். ஒருவன் குருதி தோய்ந்த கொடித்துணியை உடுத்து, தலையை மழித்துப் புத்தத் துறவியாகிறான். வேறு சிலர் யானையின் மணிகளைத் தாளமாகப் பிடித்துத் தெலுங்குப் பாணர் ஆகின்றனர். கற்பனையின் கூர்மை மறுக்கத்தக்கதன்று. ஆனால் இச்சிரிப்பு வென்றவனின் அவையில் எழுந்த சிரிப்பு. உயிருக்கு அஞ்சி ஓடும் ஒருவனைக் கண்டு சிரிப்பது, பேய் பல் விளக்குவதைக் கண்டு சிரிப்பதைப் போன்றதன்று. முன்னதில் சடங்கு இல்லை, செருக்கே இருக்கிறது.

அதே நூலில், பேய்களுக்குக் களங்காட்டும் பகுதியில், கணவனைத் தேடி வந்த பெண் ஒருத்தி நிற்கிறாள். வாள் ஏந்திய கை எங்கே, மார்பு எங்கே, தோள் எங்கே என்று உறுப்பு உறுப்பாகக் கேட்கிறாள். அவள் கேட்பது பயிரவியை.  சற்று நேரத்தில் அரிசியும் கூழுமாக மாறப்போகிற உடல்களுள் ஒன்று இப்பெண்ணுக்குக் கணவன். இந்தத் தாழிசை இல்லாவிடில் பரணியின் குருதி வெறும் சாயமாகப் போயிருக்கும். செயங்கொண்டார் இவளிடம் நெடுநேரம் நிற்கவில்லை, காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நின்றிருக்கலாம்.

நின்று பார்த்தவர் என்று பொய்கையாரைச் சொல்லலாம். பதினெண்கீழ்க்கணக்கில் புறப்பொருள் பாடும் ஒரே நூல் களவழி நாற்பது. சோழன் செங்கணான், சேரமான் கணைக்கால் இரும்பொறையை வென்ற களத்தைப் பற்றியது. பாட்டுத்தோறும் மிகை உண்டு. ஆனால் மிகைக்கு அடியில் கண்ணால் கண்டதொன்றும் இருக்கிறது. முதற் பாட்டில், வீழ்ந்தோர் குருதியை யானைகள் மிதித்து உழக்குவதால் முற்பகலில் அது சேறாகிறது. பிற்பகலில் உலர்ந்து பவளத் துகள்போலப் பறக்கிறது. குருதி காயும் என்பதை நினைவில் வைத்த கவிஞர் மிகச் சிலர். இன்னொரு பாட்டில், உறவினரை இழந்த பெண்கள் நாற்றிசையும் அலறி ஓடுவது, காற்று மோதிய சோலையிலிருந்து சிதறும் மயிற்கூட்டமாகத் தோன்றுகிறது. அழகான உவமை. அழகாயிருப்பதே படிப்பவரை உறுத்துகிறது.

திரைப்படத்திலும் இத்தகைய விழிப்பு அரிதாக உண்டு. அகிரா குரோசாவாவின் 'சஞ்சுரோ' 1962இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். இறுதியில் இருவர் நெடுநேரம் அசையாமல் எதிரெதிரே நிற்கின்றனர், ஒரே வீச்சு, வீழ்பவனின் மார்பிலிருந்து ஊற்றுப்போலக் குருதி பீறிடுகிறது. இயற்கைக்கு முற்றிலும் மீறிய மிகைதான். ஆனால் பார்த்து நின்ற இளைஞருள் ஒருவன் வியந்து பாராட்டியதும் வென்றவன் சீறுகிறான். கொன்ற கையே கைதட்டலை மறுத்துவிடுகிறது. பின்வந்தோர் பலர் அந்தப் பீறிடலைப் படியெடுத்தனர், சீற்றத்தை விட்டுவிட்டனர்.

இன்று எழுதப்படும் வன்முறைக் கதைகளை மதிப்பிட ஒரு சிறு சோதனை போதும். கதையில் சிந்திய குருதியைக் கழுவுபவர் யார்? பெரும்பாலான கதைகளில் அப்படி ஒருவரும் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் தரை தானே உலர்ந்து தூய்மையாகிவிடுகிறது. இறந்தவனுக்கு வீடு இல்லை, செய்தி சொல்ல ஆள் இல்லை, அவன் உடுத்தியிருந்த சட்டையை அடையாளம் காண ஒரு தாயும் இல்லை. அத்தகைய கதையில் ஒரு துளி சிந்தினாலும் மிகையே.

குருதியை நேரில் கண்ட கவிஞர்கள் அதை அளந்து சொல்வதில் ஆர்வம் காட்டியதில்லை என்பதும் எண்ணத்தக்கது. ஈழத்துக் கவிஞர்களின் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு 1985இல் வெளிவந்தது. தெருவில் நிகழ்ந்தது எல்லார்க்கும் தெரிந்த காலம் அது. வெட்டுண்டதை விரித்துக் காட்டவேண்டிய தேவை அக்கவிதைகளுக்கு இருக்கவில்லை. இரவின் அச்சமும் எரிந்த ஊரும் போதுமானவையாக இருந்தன.

பொய்கையார் களவழி பாடிய காரணத்தைச் செயங்கொண்டாரே தம் நூலின் இராசபாரம்பரியத்தில் குறிக்கிறார். அப்பாட்டைக் கேட்ட செங்கணான், சிறையிலிருந்த சேரனின் தளையை வெட்டி அரசையும் அளித்தான் என்பது அவர் கூற்று. குருதி சொட்டும் அத்தனை வெண்பாக்களும் ஓர் உயிரை மீட்கப் பாடப்பட்டவை என்றாகிறது. புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குரிய பழங்குறிப்போ வேறு சொல்கிறது. குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்டான், கேட்டபோது கிடைக்கவில்லை. பின்னர் வந்ததைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, பருகாமல், பாட்டொன்றைச் சொல்லி இறந்தான். அவன் சொன்னவை ஏழு அடிகள். அவற்றில் சங்கிலியிற் கட்டுண்ட நாய் வருகிறது, வயிற்றின் தீ வருகிறது. குருதி என்னும் சொல் வரவில்லை.