பெரிய டிஸ்க் வாங்குமுன் பழைய பில்லைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பாத கூட்டம் நாங்கள். போன கோடையில் என் காரில் இடித்த ஒரு கணக்கைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பதினொரு வருடப் பழைய சின்ன ஹேட்ச்பேக். மனைவி, மகள், பேத்தி, டிக்கி நிறைய மூட்டை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருப்போம். பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், கூடவே ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்க ஓரத்தில் நிறுத்தினேன். "ஏன் தாத்தா நின்னுட்டோம்?" என்று பேத்தி கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

அரை மணி நேரம் கழித்து பிரேக் தானாகச் சரியானது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் முன்னால் பெரிய டிஸ்க், பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் என்று ஒரு கடையில் விலை கேட்டேன். பணம் கட்டத் தயாராகவும் இருந்தேன். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்: "சார், பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

கார் வாங்கிய நாள் முதல் எல்லா சர்வீஸ் பில்லும் தேதிவாரியாக ஃபைலில் இருக்கிறது. புரட்டினேன். என்ஜின் ஆயில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறது. பிரேக் ஆயில் ஒரு தடவைகூட இல்லை. ஃபைல் போட்டவன் நான், படிக்காதவனும் நான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இதே கணக்கு 230, 155. மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சூடேறி ஆயில் கொதித்துக் குமிழி வரும். நம் கால் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பேடுக்குப் போய்ச் சேராது. ஆறினால் குமிழி மறைந்து பெடல் பழையபடி ஆகும். என் வண்டி "தானாகச் சரியானது" இப்படித்தான்.

பெரிய டிஸ்க் தப்பா என்று கேட்பீர்கள். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. டயர் வழுக்கையாக இருந்தால் எந்த டிஸ்க்கும் உதவாது. பெரிய டிஸ்க் சின்ன ரிம்முக்குள் அடங்காமலும் போகலாம். முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு பிரேக் என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பின்னால் மாற்றினால் ஹேண்ட் பிரேக்குக்கும் வழி செய்ய வேண்டும். இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் செய்தால் கிளெய்மின்போது தகராறு.

நான் செய்தது இவ்வளவுதான்: புது ஆயில், நல்ல பேட், பின் டிரம்முக்குப் புது ஷூ, இரண்டு டயர். கடைக்காரர் கேட்டதில் கால்வாசிகூட ஆகவில்லை. இந்த வருடம் அதே மலையில் இறங்கினேன். பெடல் கெட்டியாக நின்றது.

உங்களுக்கு நான் சொல்வது:

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எந்த வகை என்பது கார் புத்தகத்திலும் ஆயில் மூடியிலும் இருக்கும்.

டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வருமுன் மாற்றுங்கள்.

மலையில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைக்காதீர்கள். பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாகிவிடும்.

கடைசியாக, நம் பேஸ்மென்ட் சரிவு. 10 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 20-ல் வந்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. அங்கேதான் நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சர்வீஸ் பில்லை எடுங்கள். பிரேக் ஆயில் என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.